வேலூரிலிருந்து அமேசான் மழைக்காட்டு விடுதிக்கு: புதிதாகப் போவோருக்கு ஒரு வழிகாட்டி

பெரு நாட்டின் தென்கிழக்கில் தம்போபாட்டா என்னும் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் இன்ஃபியெர்னோ என்ற பழங்குடிச் சமூகம் தன் சொந்தக் காட்டு நிலத்தில் விருந்தினர் விடுதி ஒன்றை அமைத்திருக்கிறது. அதன் பெயர் போசாடா அமசோனாஸ். எசே எஹா பழங்குடியினரும், ஆற்றோரக் குடிகளும், ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்களும் சேர்ந்ததே இந்தச் சமூகம். மூன்று பகல், இரண்டு இரவு அங்கே தங்கித் திரும்புவது உடலுக்குப் பெரிய சிரமம் தருவதன்று. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆரணி போன்ற ஊர்களிலிருந்து கிளம்புவோருக்கு உண்மையான சிரமம் காகிதங்களில்தான் இருக்கிறது. எந்தக் காகிதத்தை எதற்கு முன்னால் வாங்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் நம் ஊரில் அதிகம் இல்லை. நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதை, அடுத்துப் போகிறவர்கள் அலையாமல் இருக்கட்டும் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தம்போபாட்டா பகுதியில் மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை அதிகம். மழை மாதங்களில் காட்டுப் பாதைகள் சேறாகிவிடும், விமானங்களும் தாமதமாகலாம். நம் பள்ளி விடுமுறையை ஒட்டிப் போக நினைப்பவர்களுக்கு மே மாதக் கடைசிப் பகுதி பொருத்தமாக இருக்கும். ஜூலை 28, 29 தேதிகள் பெரு நாட்டின் தேசிய விழா நாட்கள் என்பதால், அந்த வாரத்தில் உள்நாட்டு விமானச் சீட்டும் அறைகளும் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

வறண்ட மாதங்களிலும் ஓர் எதிர்பாராத விஷயம் உண்டு. தெற்கிலிருந்து வரும் குளிர்காற்று சில நாட்களுக்கு அந்தக் காட்டையே குளிர வைத்துவிடும். அதை அங்கே 'ஃப்ரியாஹே' என்கிறார்கள். அமேசான் என்றால் வெப்பம் என்று எண்ணி மெல்லிய சட்டைகள் மட்டும் கொண்டுபோகிறவர்கள், ஒரு பக்கம் சுவரே இல்லாமல் காட்டை நோக்கித் திறந்தே இருக்கும் அறையில் இரவு முழுவதும் நடுங்க நேரிடும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

புறப்படும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பாஸ்போர்ட்டைப் புதிதாக எடுக்க வேண்டியவர்கள் ஆறேழு மாதம் முன்பும், கையில் இருப்பவர்கள் நான்கு மாதம் முன்பும் வேலையைத் தொடங்கினால் பதற்றம் இராது.

2. பாஸ்போர்ட்டும் பெயரும்

பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வேலூர் மாவட்டத்தில் இருப்பவர்கள் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, வேலூர் தலைமை அஞ்சல் நிலையத்திலுள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தையே தேர்ந்தெடுக்கலாம். இதற்காகச் சென்னை செல்லத் தேவையில்லை. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய்; தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊர் முகவரியில் விண்ணப்பிப்பவர்கள், காவல்துறை சரிபார்ப்புக்கு வரும்போது வீட்டில் இல்லாமல் போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எந்த முகவரியில் உண்மையில் வசிக்கிறீர்களோ அதையே கொடுங்கள்.

தமிழர்கள் பலருக்கு வரும் சிக்கல் ஒன்று உண்டு. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பழைய பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் சர்நேம் என்ற கட்டம் காலியாகவே இருக்கும். பெரு நாட்டு வழக்கமோ நேர் எதிரானது. அங்கே ஒவ்வொருவருக்கும் தந்தை வழிப் பெயர் ஒன்று, தாய் வழிப் பெயர் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. ஆகவே அங்குள்ள படிவங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிப்பதில்லை. விமானச் சீட்டில் ஒரு நிறுவனம் உங்கள் பெயரையே இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று வேறு குறியீட்டைக் கேட்கும், விடுதிக்காரர்கள் மூன்றாவது விதமாக எழுதிவிடுவார்கள். பிறகு உள்நாட்டு விமானத்தில் ஏறும்போது சீட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்துவார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், தந்தையின் பெயரையோ கணவரின் பெயரையோ முழுதாக விரித்து சர்நேம் கட்டத்தில் எழுதி வாங்கிவிடுவது நல்லது. உடனே புதுப்பிக்க முடியாதவர்கள், ஒரே விமான நிறுவனத்தின் சீட்டாக வாங்கி, பெயரை எப்படி எழுதுவது என்று அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை முடியும் வரை தடுப்பூசிக்கோ விசாவுக்கோ போக வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

3. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

இந்தப் பயணத்தில் விசாவுக்கு அடுத்த முக்கியமான காகிதம் இந்தத் தடுப்பூசி அட்டை. பெரு மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து திரும்புகிறவர்களிடம் செல்லுபடியாகும் அட்டை இல்லையென்றால், இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க நம் சட்டம் இடம் கொடுக்கிறது. போகும்போது ஒருவரும் கேட்காமல் விடலாம், திரும்பும்போது கேட்பார்கள். ஊரில் பலருக்கு இது தலைகீழாகவே தெரிந்திருக்கிறது.

எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையங்கள் தரும் அட்டை மட்டுமே செல்லும். நமக்கு அருகில் இருப்பவை சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டும், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகமும். காட்பாடியில் காலை ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால், அங்கிருந்து மெட்ரோவிலேயே கிண்டிக்குப் போய்விடலாம். ஆனால் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். திறந்த சில மணி நேரத்துக்குள் அதைப் போட்டு முடித்துவிட வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாட்களில் ஆட்களைச் சேர்த்தே போடுகிறார்கள். அசல் பாஸ்போர்ட்டும் அதன் நகலும் கொண்டு செல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை நான்கு. முதலாவது, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே அட்டை செல்லுபடியாகும். ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம் போய் நிற்பதில் பயனில்லை. இரண்டாவது, அட்டையில் பாஸ்போர்ட் எண்ணை எழுதுவார்கள். ஊசி போட்ட பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், பழைய புத்தகத்தையும் கூடவே சுமக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் மருந்து. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், கருவுற்றவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துப்போகத் திட்டமிடுகிறவர்கள், ஊசி போடலாம் என்று மருத்துவர் சொல்லும் வரை வேறு எதற்கும் பணம் கட்ட வேண்டாம். நான்காவது, இந்த அட்டை வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2016இலேயே உலக அளவில் விதி மாறிவிட்டது. பத்து ஆண்டு ஆகிவிட்டது, மறுபடி போடுங்கள் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

அதே சமயத்தில் மலேரியாத் தடுப்பு மாத்திரை, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகை, டெட்டனஸ் ஆகியவை பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மணற்பூச்சி கடித்து வரும் லீஷ்மேனியா புண்ணுக்குத் தடுப்பூசி இல்லை. உடலை மூடும் உடையும் பூச்சி விரட்டியும்தான் அதற்குப் பாதுகாப்பு.

4. விசா

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஒரே விசா வழங்கும் ஐரோப்பிய ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருந்தாலோ, அங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி இருந்தாலோ, இந்தியர்கள் தனி விசா இல்லாமல் பெருவுக்குச் சுற்றுலா செல்லலாம். 2017 மார்ச் முதல் இந்தச் சலுகை நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்த பெற்றோர் நம் ஊரில் ஏராளம். பத்தாண்டு விசாவைக் கையில் வைத்திருக்கும் அவர்களுக்கு இந்தப் பகுதி இத்துடன் முடிந்தது. ஆயினும் விதிகள் மாறக்கூடியவை என்பதால், சீட்டு வாங்குவதற்கு முன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மற்றவர்கள் புதுதில்லியிலுள்ள பெரு தூதரகத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். படிவம், புகைப்படம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, பணியிடத்திலிருந்து விடுப்புக் கடிதம், போகவர விமான முன்பதிவு, விடுதி முன்பதிவு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழிலிலோ வேறு சொந்தத் தொழிலிலோ இருப்பவர்கள் விடுப்புக் கடிதத்துக்குப் பதிலாக ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றையும் தொழிலின் வங்கி அறிக்கையையும் வைக்கலாம். விண்ணப்பத்துக்குச் சில நாட்கள் முன்பு கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால் கேள்வி எழும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரத்தையும் உடன் வையுங்கள். விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத சீட்டை வாங்காதீர்கள்.

5. விமானம்: நடுவழி நாட்டின் விசா

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், மாட்ரிட் போன்ற ஐரோப்பிய நகரங்கள் வழியாகவோ, பிரேசிலின் சாவோ பாவ்லோ வழியாகவோ, அமெரிக்கா வழியாகவோ போகலாம். அமெரிக்க விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் மட்டுமே இருந்து விமானம் மாறுவதானாலும் அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பாவில் சில நாடுகள் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுகிற இந்தியர்களிடமும் தனி விசா கேட்கின்றன, சில கேட்பதில்லை. எங்களுக்குச் சீட்டுப் போட்ட முகவர், "ட்ரான்ஸிட்டுதானே சார், விசா எதுக்கு?" என்று உறுதியாகச் சொன்னார். அவர் கொடுத்த வழி அமெரிக்கா வழி. விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டிராவிட்டால், மீனம்பாக்கத்திலேயே எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். முகவர் சொல்வதை ஏற்கும் முன், மாறுகிற ஒவ்வொரு நிலையத்துக்கும் விமான நிறுவனத்திடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

விலை குறைவு என்று தனித்தனி சீட்டுகளாக வாங்குவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நடுவழியில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டுமென்றால் குடியேற்றப் பகுதியைக் கடந்து வெளியே வர வேண்டும். அப்போது அந்த நாட்டின் முழு விசாவே தேவைப்படும்.

லிமாவிலிருந்து, விடுதிக்கு அருகிலுள்ள புவெர்த்தோ மால்தொனாதோ நகருக்கு உள்நாட்டு விமானம். சில விமானங்கள் மலை நகரமான குஸ்கோவில் இறங்கி ஏறும். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காட்டு நகரமோ 200 மீட்டர் அளவில்தான். குஸ்கோவையும் சுற்றிப் பார்க்க நினைக்கிறவர்கள், மூத்தவர்கள் உடன் இருந்தால் காட்டை முதலிலும் மலையைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். பன்னாட்டு விமானம் லிமாவில் இறங்கும் நாளிலேயே காட்டுக்குப் போக முயல வேண்டாம். விடுதிப் படகு குறித்த நேரத்தில் கிளம்பிவிடும், அடுத்த படகு பெரும்பாலும் மறுநாள்தான். லிமாவில் ஓர் இரவு தங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பெங்களூரு விமான நிலையம் ஊரின் வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், தொலைவு இன்னும் அதிகம்; சீட்டு மலிவாக இருந்தால் மட்டும் பெங்களூரைத் தேர்ந்தெடுங்கள்.

6. விடுதியைத் தேர்ந்தெடுப்பது

பழங்குடியினர் படத்தைப் போட்டு விளம்பரம் செய்யும் விடுதிகளெல்லாம் பழங்குடியினருடையவை அல்ல. இந்தப் பகுதியைப் படிக்காமல் பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிலம் யாருடையது, லாபத்தில் சமூகத்துக்கு எவ்வளவு போகிறது, வழிகாட்டிகளிலும் படகோட்டிகளிலும் அந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். உண்மையாக நடத்துகிறவர்கள் நேரடியாகப் பதில் சொல்வார்கள். போசாடா அமசோனாஸ் விடுதிக்காக இன்ஃபியெர்னோ சமூகம் 1996இல் ஒரு சுற்றுலா நிறுவனத்துடன் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அதன்படி லாபத்தில் 60 விழுக்காடு சமூகத்துக்கு என்று வெளிப்படையாகவே எழுதிக்கொண்டார்கள். பொலிவியாவில் சலலான், ஈக்வடாரில் நாப்போ வைல்ட்லைஃப் சென்டர் ஆகியவையும் சமூகம் நடத்தும் விடுதிகளே. ஆனால் அந்த நாடுகளுக்கு விசா விதி வேறு.

விடுதி அலுவலகத்துடன் பேச நம் நேரம் இரவு ஏழரைக்கு மேல்தான் சரிப்படும். பெரு நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. வழிகாட்டி ஆங்கிலம் பேசுவார். சமையல்காரரும் படகோட்டியும் ஸ்பானிய மொழியே பேசுவார்கள்.

சைவ உணவு வேண்டுவோர் முன்பதிவு செய்யும்போதே, இறைச்சி, கோழி, மீன், முட்டை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி மறுத்து எழுத வேண்டும். வெறுமனே சைவம் என்றால், கோழிச் சாறில் வெந்த சோறு வந்துவிடக்கூடும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ' (இந்த நான்கும் இல்லாமல்) என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு சமையலறையில் காட்டுங்கள். சோறு, பயறு, வாழைக்காய், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். பட்டினி கிடக்க நேராது. ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டு போவதானால் கடையில் முத்திரையிட்ட பொட்டலமாக எடுத்துச் சென்று, சுங்கப் படிவத்தில் தெரிவித்துவிடுங்கள்.

7. பணம்

விமானச் சீட்டுதான் பெரிய செலவு. ஆளுக்குப் போகவர ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். விடுதிக்கு மூன்று நாளுக்கு ஆளுக்குச் சில நூறு டாலர். இதில் படகு, சாப்பாடு, வழிகாட்டி பெரும்பாலும் அடங்கும். தம்போபாட்டா தேசிய ஒதுக்குக் காட்டுக்குள் போகும் திட்டமாக இருந்தால் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தங்குமிடத்தின் மீதான 18 விழுக்காடு வரி விலக்கு உண்டு. அதற்குப் பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் காட்ட வேண்டும்.

பெரு நாணயமான சோல் நம் ஊரில் கிடைக்காது. சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் அனுமதி பெற்ற நாணய மாற்றகங்களில் டாலராக மாற்றி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரொக்க நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் எடுத்துச் செல்லலாம். மற்றதை அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஓரம் கிழிந்த, எழுதப்பட்ட டாலர் நோட்டைப் பெருவில் வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு நோட்டையும் கடையிலேயே பிரித்துப் பார்த்து, சேதமிருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் ஏ.டி.எம். கிடையாது.

பயணக் காப்பீட்டில், காட்டிலிருந்து மருத்துவமனைக்கு மீட்டுக் கொண்டுவரும் செலவு அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்குப் படகிலும் பிறகு வண்டியிலும் போக வேண்டும்.

8. மூட்டை

சக்கரப் பெட்டி படகுத்துறையின் சேற்றில் உருளாது, துணிப்பையாக எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பூட்ஸ் விடுதியில் தருவார்கள். முழங்கால் வரை வரும் காலுறை நீங்கள் கொண்டுபோக வேண்டும். வெளிர் நிற முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, மழைச்சட்டை, தலையில் கட்டும் விளக்கு, தொலைநோக்கி ஆகியவை தேவை. அந்த ஈரத்தில் கெட்டியான பருத்தித் துணியும் ஜீன்ஸும் காயவே காயாது. மருந்துகளைக் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், குளிர்பதனப் பெட்டி உண்டா என்று முன்பே விடுதியைக் கேட்க வேண்டும்; அறைகளில் அது இராது.

நடைப் பழக்கம் இல்லாதவர்கள் புறப்படுவதற்கு முன் அமிர்தி காட்டிலோ ஜவ்வாது மலையிலோ சில முறை நடந்து பார்த்துவிடுவது மிகவும் உதவும்.

9. அங்கே நடந்துகொள்ளும் முறை

நீங்கள் போவது ஒரு சமூகத்தின் வீட்டுக்கு. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினரின் ஊருக்குப் போகும் வெளியூர்க்காரர்கள் கேட்காமல் வாசலில் ஏறிப் படம் எடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதே காரியத்தை நாம் அங்கே செய்யக்கூடாது. குழந்தைகளைப் படமெடுக்கப் பெற்றோரின் அனுமதி வேண்டும். மிட்டாய், பேனா என்று குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். கைவினைப் பொருள்களுக்குச் சொன்ன விலையைக் கொடுங்கள். இறகு, பல், தோல் கலந்த எதையும் வாங்க வேண்டாம்; காட்டுயிர்ப் பொருள்களை நாடு விட்டு நாடு கடத்துவது அங்கும் குற்றம், இங்கும் குற்றம்.

விடுதியில் காலை நாலரைக்கே எழுப்பிவிடுவார்கள். முகம் சுளிக்காமல் எழுந்திருங்கள். காட்டு மரங்களின் உச்சிக்கு மேலே நிற்கும் கோபுரத்தில் ஏறினால் பறவைகளைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் அதுதான். த்ரெஸ் சிம்பாதாஸ் என்ற குதிரைலாட ஏரியில் பெரிய நீர்நாய்க் குடும்பத்தைப் பார்ப்பதற்கும் விடியற்காலையே ஏற்றது. படகில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். மருந்துச் செடிகளைக் காட்டும் நடையைத் தவற விடாதீர்கள். சித்த மருத்துவமும் பாட்டி வைத்தியமும் அறிந்த நமக்கு அங்கே கேட்கக் கேள்விகள் நிறைய இருக்கும்.

நடக்கும்போது மரத்தையோ கைப்பிடியையோ பார்க்காமல் பிடிக்க வேண்டாம். 'இசூலா' என்னும் பெரிய கறுப்பு எறும்பு கொட்டினால் வலி மணிக்கணக்கில் இருக்கும். வழிகாட்டி சொல்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள்.

அந்த வட்டாரத்தில் சிலர் அயவாஸ்கா என்ற மூலிகைக் கஷாயச் சடங்குக்கு அழைப்பார்கள். மறுத்துவிடுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனை தொலைவில் இருக்கும் இடத்தில் அந்தச் சோதனை யாருக்கும் வேண்டாம்.

10. திரும்பி வந்த பின்

இந்தியாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே மஞ்சள் காய்ச்சல் அட்டையைக் கேட்பார்கள். மும்பையிலோ தில்லியிலோ மாறி வருகிறவர்களுக்கு அங்கேயே சோதனை நடக்கும். அட்டையைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத் தொகுப்பாக முகவரிடம் பணம் கட்டியிருந்தால், அவர் பிடித்த டி.சி.எஸ். (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளுங்கள் அல்லது திரும்பக் கேளுங்கள். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சலோ, ஆறாத புண்ணோ வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அமேசான் காட்டுக்குப் போய் வந்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.